விமானத்தில் குழந்தை ஏன் அழுகிறது? பறப்பதற்குமுன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சாங்கி விமான நிலையத்தில் சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் செல்லும் விமானங்களுக்கான முகப்புகளில் ஏறக்குறைய ஒரே காட்சிதான். பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டி, அதன்மேல் ஏறி உட்கார அடம்பிடிக்கும் மூத்த பிள்ளை, அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கும் கைக்குழந்தை. பேரப்பிள்ளையை முதன்முதலாகக் கையில் வாங்க ஊரில் தாத்தா பாட்டி காத்திருப்பார்கள்.

ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். முதல் மூன்று மணி நேரம் அமைதியாகக் கழியலாம். விமானம் தரையிறங்கத் தொடங்கியதும், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு அழும். தட்டிக்கொடுத்தாலும் நிற்காது, எழுந்து நடக்கவும் முடியாது. இருக்கைவார் விளக்கு எரிகிறது. முன்வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். அம்மாவுக்குக் கூச்சம், அப்பாவுக்குப் பதற்றம்.

பெட்டி எடுக்கும் இடத்தில் யாராவது ஒருவர் பரிவோடு சொல்வார்: “அடுத்த தடவை கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் சளி மருந்து குடுத்துடுங்கம்மா, நல்லாத் தூங்கிடும்.”

நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் இந்த அறிவுரைதான் கைக்குழந்தையுடன் பறக்கும் பெற்றோர் கேட்கக்கூடிய அறிவுரைகளிலேயே ஆபத்தானது. குழந்தை அழுவது பிடிவாதத்தால் அல்ல. விமானத்துக்குள் அதன் உடலில் சில மாற்றங்கள் நடக்கின்றன. அவை என்னவென்று தெரிந்துகொண்டால், பெரும்பாலானவற்றை ஒரு புட்டிப் பாலும் சற்று முன்யோசனையும் கொண்டே சமாளிக்கலாம்.

உதகை மலை ஏறி இறங்கும் காது

விமானம் 10,000 மீட்டருக்கும் மேல் பறக்கும்போது வெளியில் உள்ள காற்று நாம் சுவாசிக்க முடியாத அளவுக்கு மெல்லியது. அதனால் விமானத்துக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டிவைக்கிறார்கள். ஆனால் அது தரையில் உள்ள அளவுக்குக் கூட்டப்படுவதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர்வரை உயரமான மலையில் இருக்கும் அழுத்தமே உள்ளே இருக்கும்.

உதகமண்டலத்தின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். நமது புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்கூட இல்லை. அப்படியானால், சாங்கியில் ஏறிய குழந்தை அரை மணி நேரத்துக்குள் உதகை மலையின் உச்சிக்குப் போய், பயண முடிவில் ஏறக்குறைய அதே வேகத்தில் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

காதுச் சவ்வுக்குப் பின்னால் நடுக்காது என்னும் சிறு அறை உள்ளது. அதில் எப்போதும் காற்று இருக்கும். அந்த அறையையும் தொண்டையின் மேற்பகுதியையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அந்தக் குழாய் ஒரு கணம் திறந்து, உள்ளேயும் வெளியேயும் உள்ள அழுத்தத்தைச் சமன்செய்கிறது. காதில் ‘பொட்’ என்று ஒலி கேட்பது அதனால்தான்.

விமானம் மேலே ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று விரிந்து, குழாய் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளி அழுத்தம் கூடக் கூடக் காதுச் சவ்வு உள்நோக்கி இழுக்கப்படுகிறது. குழாயும் அழுத்தப்பட்டு ஒட்டிக்கொள்கிறது. விழுங்கினால்தான் அது திறக்கும்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையானது, குறுகலானது. சரிவாக இல்லாமல் படுக்கைவாட்டில் அமைந்திருக்கும். அதனால் எளிதில் அடைத்துக்கொள்ளும். சளி இருந்தால் சொல்லவே வேண்டாம். மேலும், தூங்கும் குழந்தை அதிகம் விழுங்குவதில்லை. தூக்கத்திலேயே காதில் அழுத்தம் ஏறி, வலி பொறுக்கமுடியாமல் போனதும் அலறிக்கொண்டு எழுகிறது. அழும்போது வாய் திறந்து, இடையிடையே விழுங்குவதாலும் காது ஓரளவு திறக்கும்.

தாய்ப்பால், புட்டிப்பால், சூப்பி என எதைக் கொடுத்தாலும் குழந்தை சப்பி விழுங்கும். அதுவே போதும். ஆனால் நேரம் முக்கியம்.

விமானம் ஓடுபாதைக்குச் செல்லும்போதே பாலைக் கொடுத்துவிடுவது பலர் செய்யும் தவறு. வரிசையில் காத்திருந்து விமானம் கிளம்புவதற்குள் பால் தீர்ந்து குழந்தை தூங்கிவிடும். எஞ்சின் இரைச்சல் கூடி, விமானம் வேகமெடுக்கும்போது கொடுக்கத் தொடங்குவது நல்லது.

இறங்கும்போது இதற்கு நேர்மாறு. தரையிறங்க ஏறக்குறைய அரை மணி நேரம் இருக்கும்போதே விமானம் கீழிறங்கத் தொடங்குகிறது. சக்கரம் தரையைத் தொடும் நேரத்துக்காகக் காத்திருந்தால் தாமதமாகிவிடும். விமானி இறங்கப்போவதாக அறிவித்ததும் குழந்தையை மெதுவாக எழுப்பி, சிறிது சிறிதாகப் பால் கொடுத்துக்கொண்டே வரலாம். தூங்கும் குழந்தையை எழுப்ப மனம் வராதுதான். ஆயினும், வலியில் எழுவதைவிட அம்மாவின் குரல் கேட்டு எழுவது மேல். இதற்கென ஒரு வேளைப் பாலை மிச்சம் வைத்திருப்பது அவசியம்.

ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு உறிஞ்சுகுழல் வைத்த குவளையில் தண்ணீர் கொடுக்கலாம். நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கொட்டாவி விடும் போட்டி வைக்கலாம். கடினமான மிட்டாயைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது. விமானம் குலுங்கும்போது அது தொண்டையில் சிக்கக்கூடும்.

வயிறும் மூக்கும்

காற்றழுத்தம் குறையும்போது வயிற்றிலும் குடலிலும் உள்ள வாயுவும் விரிகிறது. தரையில் இருந்ததைவிடக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை அது கூடலாம். பெரியவர்களுக்கு வயிறு சற்று உப்பிசமாக இருக்கும், அவ்வளவுதான். பால் குடித்து ஏப்பம் விடாத மூன்று மாதக் குழந்தைக்கு அது வயிற்றுவலி.

எனவே ஏறும்போது கொடுத்த பாலுக்குப் பிறகு தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது வீட்டைவிட விமானத்தில் முக்கியம். வயிற்றை இறுக்காத, தளர்வான உடை நல்லது.

இதே காரணத்தால்தான் உறிஞ்சுகுழல் குவளையின் மூடியைத் திறந்ததும் தண்ணீர் பீச்சியடிக்கிறது. விமானம் மேலே ஏறியபின், குவளையை நிமிர்த்திப் பிடித்து, மூடியை மெல்லத் தளர்த்தினால் சட்டை நனையாது.

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வளர்ந்த குழந்தைக்கு மூக்கு உலர்ந்து, மூச்சுவிடச் சிரமப்பட்டு விழிப்பு வரலாம். மருத்துவரைக் கேட்டு, மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை, பாலே போதும்.

‘தூங்க வைக்கும்’ மருந்து வேண்டாம்

சளி, ஒவ்வாமை ஆகியவற்றுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் தூக்கத்தை வரவழைக்கும். புரோமெத்தசின், டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. இருமல் மருந்துப் புட்டிகளின் சிட்டையில் இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். பல வீடுகளின் குளிர்பதனப் பெட்டியில் எப்போதோ மருத்துவர் கொடுத்து மீந்துபோன ஒரு புட்டி இருக்கும். பயணத்தன்று அது நினைவுக்கு வரும்.

தூக்கம் வருவது அந்த மருந்தின் பக்கவிளைவு. சிறு குழந்தைகளுக்கு அது மூச்சையே மந்தப்படுத்தலாம். புரோமெத்தசினை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்னும் கடும் எச்சரிக்கையை மருந்துச் சிட்டையில் சேர்க்க, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004ஆம் ஆண்டில் நடவடிக்கை எடுத்தது. மூச்சு மந்தமாகிக் குழந்தைகள் இறந்த சம்பவங்களே அதற்குக் காரணம்.

விமானத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. 2,400 மீட்டர் உயரத்துக்கு ஈடான காற்றழுத்தத்தில் கிடைக்கும் உயிர்வாயு, தரையில் 21 விழுக்காட்டுக்குப் பதிலாக ஏறக்குறைய 15 விழுக்காடு மட்டுமே உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். நல்ல உடல்நலத்துடன் உள்ள குழந்தைக்கு அதனால் பாதிப்பில்லை. ஆனால் மருந்தால் மூச்சு மந்தமான குழந்தையின் நிலை வேறு. இருட்டிய விமானத்தில், போர்வைக்குள், அது நன்றாகத் தூங்குகிறதா மூச்சுவிடச் சிரமப்படுகிறதா என்று கண்டுபிடிப்பது எளிதன்று. மருத்துவமனையோ பல மணி நேரத் தொலைவில் இருக்கும்.

இன்னொன்று, இந்த மருந்துகள் சில பிள்ளைகளிடம் தலைகீழாக வேலை செய்யும். தூக்கத்துக்குப் பதிலாகப் பரபரப்பும் எரிச்சலும் கூடி, பயணம் முழுவதும் பிள்ளை அழுதுகொண்டே வரும். எந்தப் பிள்ளைக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

தேன் தொட்டுக் கொடுத்தால் குழந்தை அமைதியாகும் என்று சொல்லும் மூத்தவர்களும் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியால் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சுநோய் ஏற்படலாம்.

குழந்தைக்குச் சளியோ காதுவலியோ இருந்தால், புறப்படுவதற்குமுன் மருத்துவரிடம் காட்டுவதே சரியான வழி. காய்ச்சலுக்கான மருந்தைக் கொண்டுசெல்லும்போது, குழந்தையின் எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். தேவைப்பட்டால் பயணத்தைச் சில நாள்கள் தள்ளிப்போடுவதில் தவறில்லை.

மடியா, தனி இருக்கையா?

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை பெற்றோர் மடியில் அமர்ந்து செல்லலாம் என்பதே பெரும்பாலான விமான நிறுவனங்களின் விதி. முழுச்சேவை விமானங்களில் அனைத்துலகப் பயணத்துக்குப் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு வாங்குவார்கள். மலிவுக் கட்டண விமானங்களில் குறிப்பிட்ட ஒரு தொகை இருக்கும். ஒரு பெரியவர் ஒரு குழந்தையை மட்டுமே மடியில் வைத்துக்கொள்ளலாம்.

பயணத்தின்போது குழந்தைக்கு இரண்டு வயது நிறைவடைந்தால், திரும்பி வரும் விமானத்தில் தனி இருக்கை வாங்கவேண்டும். ஊரில் பிறந்தநாள் கொண்டாடிவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் பயணச்சீட்டு வாங்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

இரட்டைக் குழந்தைகளுடன் செல்லும் தம்பதியை ஒரே வரிசையில் அடுத்தடுத்து உட்காரவிடாமல் தனித்தனியே அமர்த்துவது உண்டு. அது சிப்பந்திகளின் பிடிவாதமன்று. இருக்கை வரிசையின் மேலே உள்ள உயிர்வாயு முகமூடிகள் பொதுவாக இருக்கைகளின் எண்ணிக்கையைவிட ஒன்றுதான் கூடுதலாக இருக்கும். ஒரு பகுதியில் மடிக்குழந்தை ஒன்றுக்கு மேல் இருந்தால் முகமூடி போதாது.

மடியில் வைத்துச் செல்வது அனுமதிக்கப்பட்டது என்பதால் அதுவே ஆகப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக்கூடாது.

2024ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த எஸ்கியூ321 விமானம் நடுவானில் கடுமையாக ஆட்டங்கண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். விமானம் பேங்காக்கில் தரையிறங்கியது. பயணிகளை இருக்கையைவிட்டு மேலே தூக்கியெறிந்த அந்த மாற்றம் வெறும் 0.6 வினாடியில் நடந்ததாக விசாரணையின் முதற்கட்ட முடிவுகள் தெரிவித்தன. அந்த நேரத்துக்குள் எந்த அம்மாவாலும் அப்பாவாலும் கைகளை இறுக்கிக் குழந்தையைப் பிடித்துக்கொள்ள முடியாது. அன்பு எவ்வளவு இருந்தாலும் கைகளின் வலுவுக்கு எல்லை உண்டு.

இதற்கு முன்னரே ஒரு பாடம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி அமெரிக்காவின் சூ சிட்டியில் விபத்துக்குள்ளான யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 விமானத்தில் நான்கு மடிக்குழந்தைகள் இருந்தனர். அன்றைய விதிமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோரிடம் சொல்லப்பட்டது. அக்குழந்தைகளில் ஒன்று உயிர்பிழைக்கவில்லை. அந்த அறிவுரையைச் சொல்ல நேர்ந்த தலைமைச் சிப்பந்தி ஜேன் பிரவுன், குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்று அதன்பிறகு பல ஆண்டுகள் குரல்கொடுத்தார்.

ஆயினும் அமெரிக்காவில்கூட இன்றுவரை அது கட்டாயமாக்கப்படவில்லை. கூடுதல் கட்டணத்தால் குடும்பங்கள் விமானத்தைத் தவிர்த்துக் காரில் சென்றால், சாலை விபத்துகளில் அதைவிட அதிக உயிர்கள் பறிபோகும் என்பது அதிகாரிகள் கூறும் காரணம். விமானப் பயணம் மொத்தத்தில் பாதுகாப்பானதுதான். ஆயினும் தனி இருக்கையும், விமானத்தில் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையும் ஆகப் பாதுகாப்பானவை என்பதே அமெரிக்கக் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பரிந்துரை. வசதியுள்ள குடும்பங்கள் அதைப் பற்றி யோசிக்கலாம். காரில் பயன்படுத்தும் இருக்கையைக் கொண்டுசெல்ல விரும்புவோர், அதன் அகலத்தையும் அங்கீகார முத்திரையையும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும்.

மடியில்தான் என்று முடிவானால் மூன்று விஷயங்களை மறக்கக்கூடாது.

முதலாவது, குழந்தைக்கென்று தரப்படும் துணை வாரைக் கேட்டு வாங்கவேண்டும். அது பெரியவரின் வாருடன் கோக்கப்பட்டுக் குழந்தையின் இடுப்பைச் சுற்றி வரும். பெரியவரின் வாரையே குழந்தைக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளக்கூடாது. விமானம் திடீரென வேகம் குறைந்தால் பெரியவரின் முழு எடையும் குழந்தையை அந்த வாரில் நசுக்கும்.

இரண்டாவது, முன்சுவரில் பொருத்தப்படும் தொட்டில். அதன் எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எண்ணிக்கையும் குறைவு என்பதால் பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவைக்க வேண்டும். மலிவுக் கட்டண விமானங்கள் பலவற்றில் தொட்டில் இருக்காது. தொட்டிலில் குழந்தை எவ்வளவு நன்றாகத் தூங்கினாலும், இருக்கைவார் விளக்கு எரிந்ததும் தூக்கி மடியில் வைத்து வார் மாட்டவேண்டும். சிப்பந்தி வந்து எழுப்பச் சொன்னால் கோபம் வரும். அந்த 0.6 வினாடியை நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, உயிர்வாயு முகமூடி. முதலில் நமக்கு, பிறகு குழந்தைக்கு. காதில் கேட்டுப் பழகிய அறிவிப்புதான் என்றாலும் பெற்ற மனம் அதற்கு உடன்படாது. ஆனால் அவ்வளவு உயரத்தில் அழுத்தம் இழந்தால் ஒரு மனிதர் தெளிவாகச் செயல்பட ஒரு நிமிடம்கூட இருக்காது. குழந்தைக்கு மாட்டுவதற்குள் பெற்றோர் மயங்கிவிட்டால், இருவருக்கும் உதவ ஆளில்லை.

எப்போது பறக்கலாம்?

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தையைப் பல நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதில்லை. சில நிறுவனங்கள் அதைவிடக் கூடுதல் நாள்கள் கேட்கும், அல்லது மருத்துவச் சான்றிதழ் கேட்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இருதயம் அல்லது நுரையீரல் பிரச்சினை உள்ள குழந்தை ஆகியோருக்கு, வயது எதுவாக இருந்தாலும் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். உயிர்வாயு குறைவான சூழலை அவர்களின் உடல் எப்படித் தாங்கும் என்பதை அவர்தான் சொல்லமுடியும்.

சிங்கப்பூரின் தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணைப்படி தட்டம்மைத் தடுப்பூசி 12 மாதத்தில் தொடங்குகிறது. ஆறு மாதக் குழந்தையுடன் தட்டம்மை பரவும் நாட்டுக்குச் செல்வோருக்கு, முன்கூட்டியே ஒருமுறை போடலாமா என்பதை மருத்துவர் பரிசீலிப்பார். அதனால் பயணத்துக்கு ஒரு மாதம், ஆறு வாரத்துக்கு முன்பே பலதுறை மருந்தகத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ செல்வது நல்லது. தடுப்பூசி பலனளிக்கவும் நாள் வேண்டும்.

ஆவணங்களில் கைக்குழந்தைக்கு எந்தச் சலுகையும் இல்லை. ஒரு மாதக் குழந்தைக்கும் சொந்தக் கடப்பிதழ் வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற குழந்தை இந்தியா செல்லத் தனி விசாவோ வெளிநாடுவாழ் இந்தியர் அட்டையோ வேண்டும். அப்பாவோ அம்மாவோ இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தாலும் இதில் மாற்றமில்லை. 16 வயதுக்குட்பட்டோரின் சிங்கப்பூர்க் கடப்பிதழ் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், மூத்த பிள்ளையின் கடப்பிதழ் காலாவதியாகும் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர் பெயர்களில் வரும் எஸ்/ஓ, டி/ஓ இன்னொரு சிக்கல். பயணச்சீட்டு வாங்கும் இணையத்தளங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. விமான நிறுவனம் சொல்லும் முறையில் பெயரை நிரப்பி, குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே முறையைப் பின்பற்றினால் முகப்பில் விளக்கம் சொல்லவேண்டிய தேவை குறையும்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துச் சென்றாலும், தாத்தா பாட்டியுடன் அனுப்பினாலும், உடன்செல்லாத பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தையும் பிறப்புச் சான்றிதழின் நகலையும் வைத்திருப்பது நல்லது. சில நாடுகளில் குடிநுழைவு அதிகாரிகள் கேட்பார்கள்.

சிங்கப்பூர் திரும்பும்போது, வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும். விமானத்தில் வரும் குடிமக்களுக்கும் இது பொருந்தும். குழந்தையையும் சேர்க்க வேண்டும். அது இலவசம். கட்டணம் கேட்கும் இணையத்தளம் எதுவாயினும் அது குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்துடையது அல்ல.

சாங்கியில் ஒரு நுணுக்கம்

கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவத்தைக் கொண்டுசெல்ல முடியாது. ஆனால் பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தைப் பால், உணவு, மருந்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அவற்றைத் தனிப் பையில் வைத்து, சோதனையின்போது வெளியே எடுத்துக் காட்டினால் வேலை விரைவாக முடியும்.

சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானத்தில் ஏறும் வாயிலில்தான் நடக்கிறது. நான்காம் முனையத்தில் குடிநுழைவை ஒட்டி ஒரே இடத்தில் நடக்கும். முதல் மூன்று முனையங்களில் கடைகளைக் கடந்து செல்லும்போது மூத்த பிள்ளைக்காகப் பெரிய புட்டியில் வாங்கிய பழச்சாற்றை வாயிலில் விட்டுவிடத்தான் வேண்டும். அதைப் பறிகொடுத்த பிள்ளையின் அழுகையோடு பயணம் தொடங்குவதைத் தவிர்க்கலாம்.

பால்மாவை ஒருவேளைக்கு ஒரு டப்பா என அளந்து எடுத்துக்கொள்வது எளிது. சுடுநீரைச் சிப்பந்திகளிடம் கேட்கலாம். அது மிகச் சூடாக இருக்கும் என்பதால் ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே கொடுக்கவேண்டும். வழக்கமான அளவைவிட இரண்டு வேளைப் பால்மாவும், நான்கைந்து டயப்பர்களும், மாற்றுடையும் கூடுதலாக இருக்கட்டும். குழந்தைக்கு மட்டுமன்று, அதை மடியில் வைத்திருப்பவருக்கும் ஒரு மாற்றுச் சட்டை வேண்டும்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு

ஒன்று முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளுடன் பறப்பதுதான் ஆகக் கடினம் என்று பல பெற்றோர் சொல்வதுண்டு. கைக்குழந்தை தூங்கும், ஐந்து வயதுப் பிள்ளை சொன்னால் கேட்கும். நடுவில் உள்ளவர்களுக்கு ஓடவேண்டும், ஓட இடமில்லை.

பிள்ளைகளுடன் வருவோரை முதலில் ஏறச் சொல்வார்கள். இரு பெரியவர்கள் இருந்தால், ஒருவர் பைகளுடன் முதலில் ஏறி இடத்தை ஒழுங்குபடுத்தலாம். மற்றவர் வாயிலருகே பிள்ளையை ஓடவிட்டுக் கடைசியில் ஏறலாம். இருக்கையில் கட்டிவைக்கும் நேரத்தில் அரை மணி நேரம் மிச்சம்.

நொறுக்குத்தீனியிலும் கவனம் வேண்டும். முறுக்கு, கடலை, முழுத் திராட்சை ஆகியவை நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கக்கூடியவை. சிறு துண்டுகளாக வெட்டிய இட்லி, வாழைப்பழம், ரொட்டி போதும். விளையாட்டுப் பொருள்களை ஒரே நேரத்தில் கொடுக்காமல் மணிக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தால் நான்கு மணி நேரம் நகரும். கைப்பேசியில் படம் காட்டினால் ஒலிவாங்கியைச் சரிபார்ப்பதைவிட, காதில் மாட்டும் ஒலிப்பானை வீட்டிலேயே அணிந்து பழக்குவது முக்கியம். புதிதாகக் கொடுத்தால் பிள்ளை பிடுங்கி எறிந்துவிடும்.

ஊர்போய்ச் சேர்ந்த பிறகு

சிங்கப்பூரைவிட இந்தியா இரண்டரை மணி நேரம் பின்னால் உள்ளது. இங்குக் காலை 7 மணிக்கு எழும் குழந்தை அங்கு 4.30 மணிக்கே எழுந்து விளையாடக் கூப்பிடும். மாலையில் இதன் மறுபக்கம் தெரியும். வேலை முடிந்து இரவு 8.30 மணிக்கு உறவினர்கள் குழந்தையைப் பார்க்க வருவார்கள். குழந்தையின் உடலுக்கோ அது இரவு 11 மணி. கைமாறிக் கைமாறி அது அழும்போது, “கண்ணுபட்டுடுச்சு, சுத்திப் போடு” என்பார் பாட்டி. தாராளமாகச் சுற்றிப்போடலாம். அதன்பிறகு குழந்தையைத் தூங்கவிட வேண்டும்.

முதல் இரண்டு நாள்கள் உறவினர்களைக் காலையிலோ பிற்பகலிலோ வரச்சொல்வது எல்லாருக்கும் நல்லது. காலை வெயிலில் சற்று நேரம் வெளியில் வைத்திருந்தால் தூக்க நேரம் சில நாள்களில் தானே சரியாகும்.

பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு

குழந்தை அழும்போது பெற்றோரை மருந்துப் புட்டியை நோக்கித் தள்ளுவது பல வேளைகளில் குழந்தையின் வேதனையன்று, சுற்றியுள்ளவர்களின் பார்வை. எல்லாரையும் தொந்தரவு செய்கிறோமே என்னும் கூச்சம்தான், அடுத்த பயணத்தில் ‘கொஞ்சம் கொடுத்தால் என்ன?’ என்று யோசிக்கவைக்கிறது.

அதனால் குழந்தை இல்லாமல் பறப்போருக்கும் இதில் பங்குண்டு. மேலே இருக்கும் பையை எடுத்துக் கொடுக்கலாம். சிப்பந்தியைக் கூப்பிட்டுச் சுடுநீர் கேட்கலாம். எதுவும் செய்ய முடியாவிட்டால், திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்கலாம். “காது அடைச்சிருக்கும்மா, கொஞ்சம் பால் குடுத்துப் பாருங்க” என்று சொன்னால் இன்னும் நல்லது. சளி மருந்தைச் சொல்வதற்கு ஆகும் நேரம்தான் இதற்கும் ஆகும்.